மாசத்தோட அஞ்சாவது சனிக்கிழமை பிள்ளை யார்கிட்ட? (மாதிரி ஒப்பந்தம் போட்டவர் பதில் சொல்லவும்)

கணக்குப்பிள்ளை:
பிரிஞ்சு வாழற பெத்தவங்களுக்கு மாதிரி ஒப்பந்தம்னு நேத்து ஒருத்தர் இங்க போட்டிருந்தார். மொத்தமே மூணு வரி. "மாதத்தின் 1, 3ஆம் சனி ஞாயிறு பிள்ளை அப்பாவிடம். அரசு விடுமுறையும் அப்பாவுக்கு. செலவு எல்லாம் பாதிப்பாதி." கீழ வரிசையா கைதட்டல் வேற. 2026ல ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் நாலு மாசத்துக்கும் அஞ்சு சனி வருது. அந்த அஞ்சாவது சனி யாருக்கு? ஆகஸ்ட் 15 பாத்துட்டுப் போன அப்பாவுக்கு அடுத்த சனி செப்டம்பர் 5தான். மூணு வாரம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்னு எழுதினா வருஷத்துக்கு 26 முறை, இவர் கணக்குல 24. மீதி ரெண்டு எங்க சார்?

பெண்ணையாத்தங்கரை:
அந்த ஒருத்தர் நான்தான். பேர் சொல்லியே திட்டலாம். மே மாசம் முழுப்பரீட்சை லீவு, அதைத் தனியாத்தான் பிரிச்சுக்குவாங்க. அப்போ நாலு இல்ல, மூணு. நீங்க சொல்ற விட்டு விட்டு முறையில ஒரே ஒரு காதுகுத்துக்காக வாரத்தை மாத்திக்கிட்டாலும் அடுத்த வாரம் யாரோடதுன்னு அடிதடி. 1, 3ன்னா தினசரிக் காலண்டரைப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

கணக்குப்பிள்ளை:
தொடக்கத் தேதி போடாம எழுதினா அடிதடிதான். "2026 ஜூன் 6 முதல் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். இடையில் மாற்றிக்கொண்டாலும் வரிசை மாறாது." இவ்வளவுதான் எழுதணும். சரி, மூணுன்னே வச்சுக்கறேன். அந்த மூணு சனி யாருக்கு?

அரியாங்குப்பம் அக்கா:
அப்பாவுக்கு பேங்க் வேலைன்னா என்ன பண்ணுவீங்க? பேங்க் லீவு 2, 4ஆம் சனி. 1, 3ல அவர் கவுண்டர்ல இருப்பார், பிள்ளை ஆயாகிட்ட டிவி பாக்கும். அதவிடப் பெரிய ஓட்டை அந்த அரசு விடுமுறை. எந்த அரசு? ஆகஸ்ட் 16, நவம்பர் 1 ரெண்டும் புதுச்சேரியில லீவு. முள்ளோடை எல்லை தாண்டி கடலூர் பக்கம் போனா, அது ஞாயிறா இல்லாத வருஷம் அதே நாள்ல ஸ்கூல் மணி அடிக்கும். அப்பா புதுச்சேரி முத்தியால்பேட்டை, பிள்ளை கடலூர் மஞ்சக்குப்பத்துல படிக்குதுன்னா? "பிள்ளையின் பள்ளி நாட்காட்டிப்படி"ன்னு எழுதினா முடிஞ்சுது. கைமாத்தறதும் பஸ் ஸ்டாண்டுல வேணாம். வெள்ளி சாயங்காலம் ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டுப் போய், திங்கள் காலைல ஸ்கூல்லயே விடட்டும். யார் யார் கூட்டிட்டுப் போகலாம்னு ரெண்டு பேரும் போட்டோவோட பள்ளிக்குக் கடிதம் குடுத்துட்டா கேட்ல சண்டை வராது.

பெண்ணையாத்தங்கரை:
பாண்டிச்சேரிக்காரங்களுக்கு லீவுக்கா பஞ்சம். அங்கதான் பிரெஞ்சு சட்டமாச்சே, நம்ம ஒப்பந்தம் எதுக்கு?

லாஸ்பேட்டை வக்கீல்:
சும்மா அடிச்சு விடாதீங்க. 1956 இந்து இளவர் (மைனர்), காப்பாளர் சட்டம் இங்கயும்தான். ரெனோன்சான்ட் குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சு ஆட்சியில சொந்த வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சட்டத்தை ஏத்துக்கிட்டவங்களுக்கு மட்டும் விலக்கு. மத்தபடி கடலூர்ல இருக்கிறதேதான்: அஞ்சு வயசுக்குள்ள சாதாரணமா அம்மாகிட்ட, எந்த வயசா இருந்தாலும் பிள்ளை நலன்தான் முதல். பத்திரத்துல நோட்டரி முத்திரை குத்தி பீரோவுல வச்சா அதை மட்டும் வச்சு நேரா யாரையும் எதுவும் செய்ய முடியாது. குடும்பநல நீதிமன்றத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கூட்டு மெமோவா தாக்கல் பண்ணி உத்தரவுல ஏத்தினாத்தான், மீறும்போது அதை அமல்படுத்தச் சொல்லி நிறைவேற்று மனு போட முடியும். பாதிப்பாதியும் சட்டம் இல்ல. 2000ல பத்மஜா சர்மா வழக்குல அப்பா சம்பளம் அம்மாவோடதுல ரெண்டு மடங்குன்னு உச்ச நீதிமன்றம் பிள்ளைச் செலவை 2:1ன்னு பிரிச்சது.

கணக்குப்பிள்ளை:
கேட்டுக்கோங்க. அவர் 60,000, அவங்க 30,000ன்னா ஸ்கூல் ஃபீஸ் 45,000ல 30,000 அவர், 15,000 அவங்க. ஒருத்தர் மொத்தமா கட்டிட்டு இன்னொருத்தர்கிட்ட வசூல் பண்ணக் கூடாது, அங்கதான் வாய்த்தகராறு. அவங்கவங்க பங்கைப் பள்ளிக்கே கட்டித் தனித்தனி ரசீது வாங்கணும். வருமான வரியில பழைய வரிமுறையில இருக்கிறவர் தான் கட்டின ட்யூஷன் ஃபீஸுக்குத்தான் கழிவு கேக்க முடியும். மத்ததுக்கு ஒரு கூகுள் ஷீட்: தேதி, என்ன செலவு, யார் குடுத்தது, பில் போட்டோ, யார் பங்கு எவ்வளவு. மாசம் 5ஆம் தேதிக்குள்ள ஜீபேல நேர் பண்ணணும், குறிப்புல "ஜூன் பல் டாக்டர்"னு போடணும். கையில குடுத்த காசு குடுக்காத காசுதான். 2,000க்கு மேல போற செலவுன்னா முன்கூட்டியே வாட்ஸப்ல சம்மதம், அவசர ஆஸ்பத்திரி மட்டும் விலக்கு. இல்லன்னா ஒருத்தர் கீபோர்டு கிளாஸ்ல சேத்துட்டு இன்னொருத்தருக்கு பில் அனுப்புவார்.

இது எல்லாத்தையும் விட்டுட்டு மூணு வரி. அஞ்சாவது சனிக்கு இன்னும் பதில் வரல.

பெண்ணையாத்தங்கரை:
அஞ்சாவது சனி பிள்ளைக்கே! ஆயா வீட்டுக்குப் போகட்டும். போதுமா?

கணக்குப்பிள்ளை:
எந்த ஆயா? அப்பாவைப் பெத்தவங்களா, அம்மாவைப் பெத்தவங்களா?

அரியாங்குப்பம் அக்கா:
😂 பணமே அனுப்பாத ஆளுக்கு எந்த சனியும் கிடையாது, போங்க.

லாஸ்பேட்டை வக்கீல்:
மேடம், அப்படி நிறுத்தினா உங்க மேலதான் மனு வரும். ஜீவனாம்சம் வேற, பிள்ளையைப் பாக்கிற உரிமை வேற. பாக்கிக்குத் தனியா மனு போடுங்க.

அரியாங்குப்பம் அக்கா:
வக்கீலுக்கு எல்லாமே தனித்தனி மனுதான். ஃபீஸும் தனித்தனி. சரி, வேன் எந்தக் கணக்கு? மே மாசம் வேன் ஓடாது, சில வேன்காரர் பன்னெண்டு மாசத்துக்கும் வாங்கறார். அந்த மாசம் பிள்ளை பாதி நாள் அப்பா வீட்ல. 2:1ஆ, முழுசா அவரா?

கணக்குப்பிள்ளை:
வேன் வருஷச் செலவு, பன்னெண்டால வகுத்து 2:1. ஆனா இங்க பேச்சு சனிக்கிழமை பத்தி. போன தடவை வேன் ஃபீஸ் சண்டையிலயும் பெண்ணையாத்தங்கரை இப்படித்தான் நடுவுல காணாமப் போனார்.

பெண்ணையாத்தங்கரை:
காணாமப் போகல, தூங்கப் போனேன். எல்லாரும் உங்கள மாதிரி ராத்திரி ரெண்டு மணிக்கு ஷீட் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க. மாதிரி ஒப்பந்தத்துல ஒரு எழுத்துகூட மாத்தப் போறதில்ல.

கணக்குப்பிள்ளை:
மாத்த வேணாம். அக்டோபர் 31 சனிக்கிழமை. யாருக்குன்னு மட்டும் எழுதுங்க.