ஒவ்வொரு வருடமும் ஒப்புக்கொடுக்கிறேன், ஏன் இன்னும் மாறவில்லை?

பாளைக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதை ஊரில் யாரிடமும் கேட்க முடியவில்லை. நான் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவன், கமிட்டியிலும் இருக்கிறேன், என் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தால் கேட்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும்.

வயது 41. பதினேழு வயதில் ஒரு வாலிபர் முகாமில் முதல் தடவையாக என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். அன்று அழுத அழுகை உண்மையானது, அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கப்புறம் எத்தனையோ கன்வென்ஷன், உபவாசக் கூட்டம், முழு இரவு ஜெபம். கடைசி நாளில் "முற்றுமாக ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று அழைப்புக் கொடுக்கும்போதெல்லாம் எழுந்து நின்றிருக்கிறேன். இந்த வருடமும் ஞாயிறு ராத்திரி நின்றேன். திங்கள் காலையில் பையன் ஒரு சாக்ஸைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்ததற்கு நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவனுக்கு எட்டு வயது. சுவரோடு ஒட்டி நின்றான். சின்ன வயதில் என் அப்பாவுக்கு முன்னால் நான் நின்றதும் அப்படித்தான்.

ரோமர் 12-இல் "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணிக் கொடுக்கிறேன். எனக்கு நடக்கவில்லையே. குடி கிடையாது, தசமபாகம் தவறினது கிடையாது, காலை ஜெபம் விட்டது கிடையாது. (வீட்டுப் பாகம் பிரித்ததிலிருந்து அண்ணனோடு ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை, அது வேறு விஷயம், அதில் தப்பு அவர் பக்கம்.) இன்னும் எதைத்தான் நான் கொடுக்கவில்லை? இல்லை, முழு ஒப்புக்கொடுத்தல் என்பதே மேடையில் சொல்வதற்கு மட்டும்தானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பனைநிழல் எழுதியது:

தம்பி, நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் மனப்பாடம் பண்ணிக் கொடுக்கிற வசனத்தில் இருப்பது "மறுரூபமாகுங்கள்". "மறுரூபமாக்குங்கள்" என்று அங்கே இல்லை. ஆகு, ஆக்கு, ஒரு க் தான் வித்தியாசம், ஆனால் நம்மில் பாதிப் பேர் இருபது வருடம் ஆக்கப் பார்த்தே களைத்துப்போகிறோம். மூல கிரேக்கத்திலும் அது நமக்கு வேறொருவர் செய்வதைக் குறிக்கும் வினைதான், அதுவும் ஒரு தடவை நடந்து முடிவதைச் சொல்லும் வடிவம் இல்லை, தொடர்ந்து நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் வடிவம். அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் மொத்தம் நான்கு இடத்தில்தான் வருகிறது. இரண்டு இடம் மலைமேல் இயேசு மறுரூபமானதைச் சொல்லும் மத்தேயு 17, மாற்கு 9. மூன்றாவது இந்த ரோமர் 12. நான்காவது 2 கொரிந்தியர் 3:18, அங்கே "மறுரூபப்படுகிறோம்" என்று இருக்கிறது. நம் பங்காக அங்கே சொல்லியிருப்பது திறந்த முகத்தோடு அவருடைய மகிமையைப் பார்த்துக்கொண்டிருப்பது. மாற்றுகிறவர் கர்த்தர்.

அப்படியானால் சும்மா உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்பீர்கள். முதல் வசனத்தைப் பாருங்கள், நம் வேலை அங்கே இருக்கிறது: "சரீரங்களை" ஜீவபலியாக ஒப்புக்கொடுக்க வேண்டும். பவுல் அங்கே மனதை, உணர்ச்சியை, கண்ணீரைக் கேட்கவில்லை. கை, கால், நாக்கு, தொண்டை. கூட்டத்தில் எழுந்து நிற்கும்போது நாம் பெரும்பாலும் நெஞ்சில் இருப்பதைக் கொடுக்கிறோம், நாக்கைக் கொண்டுபோவதில்லை. திங்கள் காலை எட்டு மணிக்கு உங்களுடைய தொண்டை யாருடையது என்பதுதான் கேள்வி. ஜீவபலிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு, வெட்டப்பட்ட பலி பீடத்தில் அப்படியே கிடக்கும், உயிரோடிருக்கிற பலி இறங்கி ஓடிவிடும். அதனால் தினமும் கொடுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் மறுபடி மறுபடி எழுந்து நின்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், அவசரப்படாதீர்கள். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். ஆவியின் கனி என்று கலாத்தியரில் வாசிக்கிறோமே, அதில் சில கனி தென்னை மாதிரி, சில பனை மாதிரி. நீடிய பொறுமை என் வாழ்க்கையில் பனையாக இருந்தது.

மழைத்துளி எழுதியது:

பிரதர், நான் பெந்தெகொஸ்தே சபை. அய்யா சொன்னதோடு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எபேசியர் 5:18-இல் ஆவியினால் நிறைந்திருங்கள் என்பதும் ஒரு தடவை நடந்து முடிகிற காரியமில்லை. நான் 21 நாள் உபவாசம் இருந்து, அந்நிய பாஷையில் பேசி, முழு நிச்சயத்தோடு வீட்டுக்கு வந்தவள். வந்த மூன்றாம் நாள் என் மகளிடம் நீங்கள் சொன்ன அதே மாதிரிதான் நடந்தது. அன்றைக்கு ஆவியானவர் எனக்கு உணர்த்தினது ஒன்றே ஒன்று, போய் அவளிடம் மன்னிப்புக் கேள். பத்து வயதுப் பிள்ளையிடம் அம்மா மன்னிப்புக் கேட்பதா என்று சமையலறையில் கால் மணி நேரம் நின்றேன். உபவாசத்தில் உடையாத ஏதோ ஒன்று அந்தக் கால் மணி நேரத்தில் உடைந்தது. பையனிடம் கேட்டீர்களா?

வேளாங்கண்ணி பஸ் எழுதியது:

நான் கத்தோலிக்கன், எங்கள் பேச்சு வழக்கு கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் புனித அகுஸ்தினார்தான் நினைவுக்கு வந்தார். இளவயதில் "எனக்குக் கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம்" என்று மன்றாடியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். எவ்வளவு நேர்மையான மன்றாட்டு அது! நாம் மனதுக்குள் சொல்வதை அவர் வெளியே சொல்லிவிட்டார். 386-ஆம் ஆண்டு, 31 வயதில், மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் அழுதுகொண்டிருந்தபோது "எடுத்து வாசி" என்று ஒரு குழந்தைக் குரல் கேட்டு, பவுலின் திருமுகத்தைத் திறந்து உரோமையர் 13-இன் கடைசி வசனங்களை வாசித்து மனம் மாறினார். அடுத்த ஆண்டு பாஸ்காவில் ஆயர் அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றார். இதுவரை எல்லாருக்கும் தெரியும். தெரியாத பகுதி இதற்கப்புறம். பத்து வருடத்துக்கும் மேல் கழித்து, ஆயரான பிறகு அவர் எழுதிய தன்வரலாற்றின் பத்தாம் பகுதியில், பழைய ஆசைகள் இன்னும் கனவில் வருகின்றன, சாப்பாட்டில் தேவைக்கும் ஆசைக்கும் நடுவே தினமும் போராடுகிறேன், புகழ்ச்சி கேட்டால் மனம் குளிர்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிறார். தோட்டத்தில் நடந்தது பொய்யென்று அவர் முடிவு கட்டவில்லை. அன்றைக்குக் கொடுத்தது உண்மை, இன்றைக்குக் கொடுக்க வேண்டியதும் மிச்சம் இருக்கிறது. உங்கள் பதினேழு வயது முகாமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு ஒப்புரவு அருளடையாளம், அதாவது பாவசங்கீர்த்தனம், ஒரு பெரிய உதவி. "பாவி நான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வர முடியாது, குருவுக்கு முன்னால் இன்னது செய்தேன் என்று சொல்லியாக வேண்டும். பொதுவாகக் கொடுக்கும்போது எதையும் கொடுக்காமலே கொடுத்துவிட்ட மாதிரி தோன்றிவிடும்.

கூடத்து விளக்கு எழுதியது:

இந்த உரையாடலை வாசிக்கிற பெண்களுக்காக ஒன்று எழுத வேண்டும், பாளைக்காரன் அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

ஒன்பது வருடம் அடி வாங்கினேன். எங்கள் ஊழியரிடம் போனபோது "சிஸ்டர், உங்கள் சித்தத்தை ஒப்புக்கொடுங்கள், பொறுமையாயிருங்கள், ஆண்டவர் அவரை மாற்றுவார்" என்று ஜெபித்து அனுப்பினார். நானும் ஒப்புக்கொடுத்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது ஒப்புக்கொடுத்தல் இல்லை, பயம். ஆண்டவருக்குக் கொடுக்க வேண்டியதை ஒரு மனுஷனின் கைக்குக் கொடுத்திருந்தேன். யோவான் 10:18-இல் இயேசு தம்முடைய ஜீவனைப் பற்றி என்ன சொல்கிறார் என்று பாருங்கள்: ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ள மாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன். பறிக்கப்படுவது வேறு, கொடுப்பது வேறு. என்னிடம் பறித்துக்கொண்டிருந்தார்கள். என்னை உண்மையாகவே அவருக்குக் கொடுத்த நாளில் எனக்குள் முதலில் நடந்த மாற்றம் பயம் போனதுதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தேன். போலீசில் எழுதிக் கொடுத்தேன். ஆண்டவர் என்னோடு வந்தார்.

ஆகையால் யாராவது "முழுசா ஒப்புக்கொடு" என்று சொல்லும்போது, யாரிடம் கொடுக்கச் சொல்கிறார் என்று கவனியுங்கள்.

மலையடிவாரம் எழுதியது:

பாளைக்காரன், அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டிருப்பதை ஒரு தடவை நீங்களே வாசித்துப் பாருங்கள். "எதைத்தான் கொடுக்கவில்லை" என்று கேட்பதற்கு முந்தின வரியிலேயே அதை எழுதியிருக்கிறீர்கள். அதற்கான வசனமும் நீங்கள் சொன்ன அதே அதிகாரத்தில் இருக்கிறது, ரோமர் 12:18, "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்." ஒப்புக்கொடுங்கள் என்று ஆரம்பித்த பவுல் பதினெட்டாம் வசனத்துக்குள் அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். மத்தேயு 5-இல் ஆண்டவரும் காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்கிறார். ஒப்புக்கொடு, ஒப்புரவாகு. பனைநிழல் அய்யாவின் வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே சொல்லில் தொடங்குவது எனக்கு இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

எங்கள் ஊர் டோனாவூருக்குப் பக்கம். எமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிக் கேட்டே வளர்ந்தோம். 1895-இல் மிஷனரியாக இந்தியா வந்தவர், ஊர் திரும்பவே இல்லை. கோயிலுக்கு விடப்பட இருந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்தார் என்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பெரியதாகத் தெரிவது 1931-க்குப் பிறகு. அந்த வருடம் கீழே விழுந்து அடிபட்டவர், 1951-இல் சாகும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே. ஓடியாடி உழைத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! சென்ற ஜனவரியில் எங்கள் சபையில் உடன்படிக்கை ஆராதனையின்போது இதை நினைத்துக்கொண்டேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755-இல் தொடங்கி வைத்த ஆராதனை அது. உம்முடைய வேலைக்கு எடுத்தாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைத்தாலும் சரி என்ற கருத்தில் ஒரு ஜெபம் அதில் வரும். முதல் பாதியைச் சத்தமாகச் சொல்வோம், இரண்டாம் பாதியில் எல்லாருக்கும் குரல் இறங்கும். உங்களுக்கு எந்த வரியில் குரல் இறங்குகிறது என்று பாருங்கள்.

பாளைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மலையடிவாரம், உங்கள் பதிலைப் படித்ததும் கோபம்தான் வந்தது, மறைக்க விரும்பவில்லை. அப்பா கட்டின வீட்டில் எனக்கு வர வேண்டிய பின்கட்டை அவர் பெயரில் எழுதிக்கொண்டார், பத்திரம் இருக்கிறது, நான் ஏன் போக வேண்டும்?

கூடத்து விளக்கு:

அண்ணா, அவர் உங்களை அடிக்கிறவராகவோ மிரட்டுகிறவராகவோ இருந்தால் போகவே வேண்டாம் என்று நானே சொல்வேன். அப்படி இல்லை என்றால், பின்கட்டை விட்டுக்கொடுங்கள் என்று இங்கே யாரும் சொல்லவில்லையே. "உங்களாலானமட்டும்" என்றுதான் இருக்கிறது. வழக்கு இருந்தால் நடக்கட்டும், பேச்சு எதற்கு நிற்க வேண்டும்? ஒன்று கேட்கிறேன், வீட்டில் இப்படிச் சத்தம் போடுவது எப்போதிலிருந்து?

பாளைக்காரன்:

இந்தக் கேள்விக்கு நான்கு நாள் பதில் எழுத முடியவில்லை. கல்யாணமான புதிதில் நான் இப்படி இல்லை என்று வீட்டில் அவள் சொல்கிறாள். நாங்கள் அந்த வீட்டை விட்டு வாடகைக்கு வந்தபோது பையனுக்கு இரண்டு வயது. அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னை இப்படித்தான் பார்த்திருக்கிறான்.

மழைத்துளி சிஸ்டர் சொன்னபடி அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல் "சரிப்பா" என்றான், சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்றைக்குச் சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தது மதினி. என் குரல் என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு "சின்னவன் எத்தனாவது படிக்கிறான்" என்று கேட்டார்கள். மூன்றாவது என்றேன். அண்ணன் வயலுக்குப் போயிருக்கிறாராம், எட்டு மணிக்கு மேல் கூப்பிடு என்றார்கள்.

இப்போது மணி ஏழே கால். ஜெபித்துக்கொள்ளுங்கள்.