கூட இருந்தவரே நம் பெயரில் கடன் வாங்கினால்

அமெரிக்கா வந்த புதிதில் ஊர்க்கார அண்ணன் ஒருவரோடு அபார்ட்மெண்டில் தங்கியிருந்தேன். பேங்க், லைசென்ஸ் என்று எல்லா இடத்துக்கும் கூடவே வந்தவர். கடன், வரி என்று எல்லாவற்றுக்கும் கேட்கிற எண் உள்ள என் சோஷியல் செக்யூரிட்டி கார்டு தபாலில் வந்தபோது எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். எட்டு மாதம் கழித்துத் தனி வீட்டுக்கு விண்ணப்பித்தேன், மறுத்துவிட்டார்கள். என் கடன் விவரங்களைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் நான் வாங்காத இரண்டு கிரெடிட் கார்டுகள் இருந்தன. இரண்டிலும் பாக்கி.

அண்ணனிடம் கேட்டதும் அழுதுவிட்டார். "ரெண்டு மாசத்துல கட்டிடறேன் தம்பி, போலீஸ் மட்டும் வேண்டாம்" என்றார். நானும் பொறுத்தேன். வட்டிதான் ஏறியது. தயவுசெய்து நீங்கள் அப்படிக் காத்திருக்காதீர்கள். அவருக்காக ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள். கட்டினால், இது நான் வாங்கிய கடன் இல்லை என்று பிறகு சொல்வது கஷ்டம்.

முதல் வேலை, கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்று நிறுவனங்களிலும் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்வது, அதாவது உங்கள் பெயரில் புதுக் கடன் வாங்க முடியாதபடி பூட்டுவது. 2018 செப்டம்பரிலிருந்து இது இலவசம், ஸ்கோரும் குறையாது. மூன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அப்புறம் நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் தளத்தில் புகார். யார் செய்தது என்று அதில் கேட்பார்கள். தெரிந்த ஆளைத் தெரியாது என்று எழுதாதீர்கள். எழுதுவது உண்மை என்று உறுதி சொல்லித்தான் கையெழுத்துப் போடுகிறோம். அந்தப் புகாரையும் அடையாளச் சான்றையும், எவை பொய்க் கணக்குகள் என்ற விவரத்தோடு அந்த மூன்று நிறுவனங்களுக்கும் அனுப்பினால், அந்தப் பொய்க் கணக்குகளை 4 வேலை நாட்களுக்குள் உங்கள் ரிப்போர்ட்டில் தெரியாமல் தடுக்க வேண்டும் என்பது சட்டம். கார்டு கொடுத்த பேங்குக்கும் எழுதுங்கள். போலீஸ் ரிப்போர்ட் கேட்டாலும் கேட்பார்கள். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் அவர் கையில் இருக்கும்வரை வரியிலும் ஆபத்து உண்டு, அதனால் வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம், வேறு யாரும் உங்கள் பெயரில் வரிக் கணக்கு தாக்கல் செய்யாமல் தடுக்கும் 6 இலக்க ஐபி பின் என்ற ரகசிய எண்ணும் வாங்கிவிடுங்கள்.

இதெல்லாம் செய்து முடித்துவிடக்கூடிய வேலை. மனசுதான் ஆறவில்லை. ஊரிலிருந்து அவர் அம்மா போன் செய்து, "உன்னை அவன் தம்பி மாதிரிதானே பார்த்தான்" என்றார். சாப்பாடு போட்டவர்தான், மறக்கவில்லை. "நடந்ததை மட்டும்தான் எழுதினேன் அத்தை, ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை" என்று மட்டும் சொன்னேன்.