இன்ஃப்ளூயன்சருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்கிறீர்கள்? (அனுபவப் பகிர்வு)

ஈரோடு, செக்கு எண்ணெய் – மசாலா

பண்டிகை சீசனுக்கு ஆள் தேடும் சிறு நிறுவனங்களுக்காக இதைத் தொடங்குகிறேன். ஃபாலோயர்ஸ் எண்ணிக்கையை வைத்து விலை பேசும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். ரீல்ஸை ஃபாலோ செய்யாதவர்களுக்கும் இன்ஸ்டாகிராம் காட்டுகிறது. ஃபாலோ செய்பவர்களில் பெரும்பகுதியினருக்குக் காட்டுவதும் இல்லை. 3 லட்சம் ஃபாலோயர்ஸ் என்றால் 3 லட்சம் பேர் பார்ப்பார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒரு நோட்டை எடுத்து அவருடைய கடைசி 20 ரீல்ஸின் வியூஸை எழுதுங்கள். மேலே பின் செய்து வைத்திருப்பவற்றைச் சேர்க்காதீர்கள், அவை அவரே பொறுக்கி வைத்தவை. கடந்த மூன்று நாட்களில் போட்டவையும் வேண்டாம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மற்றதைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். சராசரி இங்கே உதவாது. 19 ரீல்ஸ் தலா 20,000 போய், ஒன்று மட்டும் 15 லட்சம் போயிருந்தால் சராசரி 94,000 என்று வரும். உங்கள் ரீல் போகப்போவது 20,000தான்.

அடுத்து, பணம் வாங்கிப் போட்ட ரீல்ஸை மட்டும் தனியாக எழுதுங்கள். வழக்கமான ரீல் ஒரு லட்சம் போகிறவருக்கு விளம்பர ரீல் முப்பதாயிரத்தில் நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். விலையை அந்த முப்பதாயிரத்தை வைத்துத்தான் பேச வேண்டும்.

பிறகு நம் பக்கத்துக் கணக்கு. ஒரு காம்போ 450 ரூபாய், எல்லாச் செலவும் போக கையில் நிற்பது 150 என்று வைப்போம். அவர் கேட்பது 40,000. போட்ட பணம் திரும்ப 267 ஆர்டர் வேண்டும். 32,000 வியூஸ் வந்தால் 120 வியூவுக்கு ஒரு ஆர்டர். அவர் பக்கத்தில் இருப்பவர்கள் நம் பொருளை அப்படி வாங்குவார்களா என்று இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். முதல் ஆர்டரிலேயே பணம் திரும்ப வேண்டும் என்பவர்களுக்குப் பெரும்பாலும் கட்டுபடியாகாது. எண்ணெய், மசாலா போல மாதாமாதம் தீர்கிற பொருளாக இருந்தால் இரண்டாவது, மூன்றாவது ஆர்டரையும் சேர்த்துக் கணக்குப் போடலாம். அதற்கு மறு ஆர்டர் விகிதம் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கோவை, ஏஜென்சியில் ப்ளானிங்

ஈரோடு அண்ணா சொன்ன நடு எண்ணோடு நிறுத்தக் கூடாது. வியூஸையும் காசு கொடுத்து ஏற்றலாம். இரண்டு வழி உண்டு. ஒன்று பாட் வியூஸ், அதாவது மனிதர் பார்க்காமல் மென்பொருள் ஏற்றும் எண். இன்னொன்று, ரீலை அவரே பூஸ்ட் செய்வது, அதாவது இன்ஸ்டாகிராமுக்குக் காசு கட்டி விளம்பரமாக ஓட்டுவது. பூஸ்ட் செய்வது தப்பே இல்லை, ஆனால் அந்த வியூஸும் மொத்த எண்ணில் சேர்ந்துதான் தெரியும். ரீலின் இன்சைட்ஸை (கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும் புள்ளிவிவரப் பக்கம்) திறந்தால் விளம்பரத்தால் எவ்வளவு வந்தது என்று பிரித்துக் காட்டும். அதைக் கேளுங்கள்.

இன்சைட்ஸை ஸ்கிரீன்ஷாட்டாக வாங்காதீர்கள். எண்ணை மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஸ்கிரீன் ரெக்கார்டிங் கேளுங்கள்: ப்ரொஃபைலில் தொடங்கி, இன்சைட்ஸ், கடைசி 30 நாள், ஊர், வயது, ஆண்–பெண் வரை ஒரே ஓட்டமாக, இடையில் வெட்டு இல்லாமல். தேதி வரம்பைக் கவனியுங்கள். வைரல் ஆன வாரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டுவது வழக்கமான வேலை.

கமெண்ட்டைப் படிப்பதற்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விளம்பர ரீல்ஸ், ஒவ்வொன்றிலும் 50 கமெண்ட். நான்காகப் பிரியுங்கள்:

– வெறும் ஹார்ட், ஃபயர், "சூப்பர்", "நைஸ்"
– மற்ற இன்ஃப்ளூயன்சர்கள் போட்டது. ஒரே பத்துப் பன்னிரண்டு பெயர் எல்லா ரீலிலும் வந்தால் அது ஒருவருக்கொருவர் கமெண்ட் போடும் குரூப்
– அவரைப் பற்றியது: "அக்கா இந்த சாரி எங்க வாங்கினீங்க", "பாப்பா எப்படி இருக்கா"
– பொருளைப் பற்றியது: "விலை என்ன", "சேலத்துக்கு டெலிவரி உண்டா", "நான் வாங்கினேன், நல்லாருக்கு", "நான் வாங்கினேன், வேஸ்ட்"

நான்காவது வகை இருந்தால்தான் அவர் சொல்லி வாங்குகிற கூட்டம் இருக்கிறது என்று பொருள். விலை கேட்டவருக்கு அவர் பதில் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். மூன்றாவது வகை மட்டும் நிறைய இருந்தால் மக்கள் அவரை நேசிக்கிறார்கள், அவர் விற்கும் பொருள்மேல் கண் போகவில்லை. பிராண்ட் பெயரைப் பரப்ப அவர் சரி. ஆர்டருக்குச் சரிப்படமாட்டார்.

"கமெண்ட்டில் 'ப்ரைஸ்' என்று போடுங்கள், லிங்க் வரும்" என்று தானியங்கி வைத்திருப்பவர்களிடம் இந்தக் கணக்கு ஏமாற்றும். அங்கே அந்த ஒற்றைச் சொல் கமெண்ட்டுகளை நீக்கிவிட்டு எண்ணுங்கள்.

காஞ்சிபுரம், பட்டுப்புடவை

ஊர்ப் பட்டியலைப் பற்றி ஒன்று. சென்னை, கோவை, மதுரை, பெங்களூர் வந்தால் தமிழ்ப் பக்கத்துக்கு இயல்பு. தமிழில் மட்டுமே பேசுகிறவருக்கு, தமிழர் அதிகம் இல்லாத வடநாட்டு ஊர்களோ தொடர்பில்லாத வெளிநாடோ முதல் இடங்களில் வந்தால் ஃபாலோயர்ஸ் வாங்கப்பட்டிருக்கலாம். கொழும்பு, கோலாலம்பூர், துபாய், சிங்கப்பூர் வந்தால் சந்தேகப்படாதீர்கள், அது உண்மையான கூட்டம். வெளிநாட்டுக்கு அனுப்பும் புடவைக் கடைக்கு அது பொன்னான கூட்டம். தமிழ்நாட்டு பின்கோடுகளுக்கு மட்டும் அனுப்பும் தோசை மாவு பிராண்டுக்கு அந்தப் பகுதி வியூஸை விலையிலிருந்து கழித்துவிட வேண்டும்.

புடவையைப் பரிசாகக் கொடுப்பவர்கள் வரிக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். 194ஆர் என்ற பிரிவாக 2022 ஜூலை 1 முதல் வந்த விதி இது: ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்து, அதை அவரே வைத்துக்கொண்டால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுப்பவர் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி). ஷூட் முடிந்து திருப்பித் தந்துவிட்டால் பொருந்தாது. 35,000 ரூபாய்ப் புடவை என்றால் 3,500 ரூபாயை யார் கட்டுவது என்பதைப் பார்சல் கிளம்பும் முன்னரே பேசிவிடுங்கள். உங்கள் விற்றுமுதலுக்கு இது பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னை, கிரியேட்டர் மேனேஜ்மென்ட்

எங்கள் பக்கத்திலிருந்து. நல்ல கிரியேட்டரை அவர் கேட்கும் கேள்விகளிலேயே கண்டுபிடிக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்கு விளம்பரதாரருக்கு மட்டுமல்லாமல் அதில் பேசியவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரை விளம்பரத்தில் பேசவே தடை விதிக்கலாம், மறுமுறை மூன்றாண்டு வரை. பேசுவதற்கு முன் உண்மையைச் சரிபார்த்திருந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர் உங்களிடம் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், லேப் ரிப்போர்ட், "கலப்படமில்லை" என்று சொல்வதற்கு ஆதாரம் எல்லாம் கேட்பார், பொருளைப் பத்து நாள் பயன்படுத்த நேரமும் கேட்பார். அதைத் தொல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதையும் கேட்காமல் "ஸ்கிரிப்ட் அனுப்புங்க, நாளைக்கே போட்டுடலாம்" என்பவர் நாளை மறுநாள் உங்கள் போட்டியாளருக்கும் அப்படியே போடுவார்.

மேனேஜர் என்று சொல்லி வருகிறவர்களில் போலியும் உண்டு. கிரியேட்டரின் பயோவில் இருக்கும் மெயிலுக்கோ அவருடைய கணக்குக்கோ நேரடியாக ஒரு செய்தி அனுப்பி, "இவர் உங்களுக்காகப் பேசுகிறாரா" என்று உறுதி செய்யாமல் அட்வான்ஸ் போடாதீர்கள். இடையில் ஏஜென்சி இருந்தால், கிரியேட்டருக்குப் போவது எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். கமிஷன் நியாயமான கூலி. அதைச் சொல்ல மறுப்பதுதான் பிரச்சினை.

மதுரை, மூலிகைப் பொருட்கள்

எண்களுக்கு முன்னால் அவருடைய பழைய பதிவுகளைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆறு மாதம் பின்னோக்கிப் போங்கள், ஹைலைட்ஸையும் திறந்து பாருங்கள். சூதாட்ட ஆப், கலர் கணிப்பு (அடுத்து எந்த நிறம் வரும் என்று பணம் கட்டும் ஆட்டம்), "வீட்டிலிருந்தே தினம் 5,000" போன்றவை இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்வதை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. அதைவிட முக்கியம், அவரை நம்பிப் பணத்தை இழந்தவர்களும் அந்தக் கமெண்ட் பகுதியில்தான் இருக்கிறார்கள். உங்கள் பொருளுக்குக் கீழேயும் அவர்கள் எழுதுவார்கள்.

பெரிய கணக்குகளில் ப்ரொஃபைலின் மூன்று புள்ளியைத் தொட்டு, இந்தக் கணக்கைப் பற்றி என்ற பகுதியைத் திறந்தால் எப்போது தொடங்கியது, எந்த நாடு, எத்தனை முறை பெயர் மாறியது என்று தெரியும். மீம் பக்கத்தை விலைக்கு வாங்கி அழகுக் குறிப்புப் பக்கமாக மாற்றியிருந்தால் இங்கே பிடிபடும்.

மூலிகை, சித்த மருந்து விற்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். "சர்க்கரை நோய் அடியோடு போய்விடும்" போன்ற வாக்கியங்களை அவர் தன் இஷ்டத்துக்குச் சேர்க்கும் பழக்கம் உள்ளவரா? 1954ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. ஸ்கிரிப்ட்டில் நீங்கள் எழுதாவிட்டாலும் கேள்வி உங்களிடமும் வரும்.

சென்னை, டிஜிட்டல் விளம்பரம்

விளம்பரம் என்று லேபிள் போடுகிறாரா என்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதிதான். விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலான ஆஸ்கியின் விதிகள் 2021 ஜூன் 14 முதல் நடப்பில் உள்ளன. 15 விநாடி வரையிலான வீடியோவில் லேபிள் குறைந்தது 3 விநாடி நிற்க வேண்டும். அதற்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 2 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க. ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைத்தால் கணக்கில் வராது. "லேபிள் போட்டால் ரீச் குறையும், வேண்டாம்" என்று சொல்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

பாட்டு விஷயத்தில் பலர் மாட்டுகிறார்கள். ஆப்பில் ட்ரெண்டிங்காக இருக்கும் சினிமாப் பாட்டு தனிநபர் பயன்பாட்டுக்கானது. பணம் வாங்கிப் போடும் ரீலில் அதைச் சேர்த்தால் சத்தம் முடக்கப்படலாம், உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனம் பிராண்டிடம் பணமும் கேட்கலாம். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷன் என்ற இசைத் தொகுப்பில் இருந்து எடுங்கள், அல்லது பின்னணி இசையே இல்லாமல் குரல் மட்டும் போதும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: எத்தனை ரீல், எத்தனை ஸ்டோரி, எந்தத் தேதி, எத்தனை முறை திருத்தம், ரீல் குறைந்தது எத்தனை மாதம் பக்கத்தில் இருக்க வேண்டும் (எழுதாவிட்டால் ஒரு மாதத்தில் ஆர்க்கைவுக்குப் போய்விடும், பிறகு யாருக்கும் தெரியாது), அதே வகைப் போட்டிப் பொருளை எத்தனை நாள் தொடக் கூடாது, அந்த வீடியோவை நம் விளம்பரமாக ஓட்டலாமா, எவ்வளவு காலம். கடைசியாகச் சொன்னதற்குத் தனிக் கட்டணம் கேட்பது நியாயம், முதலிலேயே பேசி முடியுங்கள். பணம் பாதி முன்னால், பாதி போட்ட பிறகு. ஏழாம் நாள் இன்சைட்ஸ் ரெக்கார்டிங் வந்ததும் மீதி என்று எழுதினால் ரிப்போர்ட்டுக்காகக் கெஞ்ச வேண்டாம்.

திருச்சி, யூடியூப் பக்கம்

ஷார்ட்ஸ் (யூடியூபின் குறுவீடியோ) வியூஸை வைத்து விலை சொன்னால் கவனம். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, திரும்ப ஓடினால் இன்னொன்று. பழைய முறைக் கணக்கு, எங்கேஜ்ட் வியூஸ் என்ற பெயரில் அனலிட்டிக்ஸில் தனியாக இருக்கும், அதைக் கேளுங்கள். நீள வீடியோவில் உங்கள் பகுதி எந்த நிமிடத்தில் வருகிறது என்பதே முக்கியம். பார்வையாளர் எங்கே நழுவுகிறார்கள் என்ற வரைபடத்தை, அவருடைய பழைய ஸ்பான்சர் வீடியோ இரண்டுக்கு வாங்கிப் பாருங்கள். விளம்பரம் தொடங்கும் இடத்தில் கோடு செங்குத்தாக விழுந்தால், அவர் விளம்பரத்தைப் பேச்சோடு சேர்க்கத் தெரியாதவர்.

ஈரோடு, செக்கு எண்ணெய் – மசாலா

நன்றி எல்லோருக்கும். அளக்கும் விதத்தையும் சேர்த்துவிடுகிறேன். நம் ஊரில் பாதிப்பேர் வெப்சைட்டுக்குப் போகாமல் வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர் போடுகிறார்கள். எனவே தள்ளுபடிக் குறியீடு (கூப்பன் கோட்) மட்டும் போதாது, அது கூப்பன் தளங்களுக்கும் கசிந்துவிடும். ஒவ்வொரு இன்ஃப்ளூயன்சருக்கும் தனி வாட்ஸ்அப் லிங்க் போடுங்கள், அழுத்தியதும் "செக்கு எண்ணெய் வேண்டும் – கே2" என்பதுபோல் முன்பே எழுதிய செய்தி வரும்படி. யார் வழியாக வந்தது என்று அந்தக் குறியே சொல்லும்.

நேரடியாக ரீலுக்குப் போகாமல் முதலில் லிங்க் வைத்த இரண்டு ஸ்டோரி மட்டும் வாங்கிச் சோதிக்கலாம். ஸ்டோரி பார்ப்பவர்கள்தான் தினமும் வருகிறவர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் லிங்க்கை அழுத்தினார்கள் என்று 24 மணி நேரம் முடியும்போது ரெக்கார்டிங் வாங்கிவிடுங்கள்.

ஆர்டரை எண்ணும்போது கேஷ் ஆன் டெலிவரியை உடனே வரவாக எழுதாதீர்கள். ஆசையில் போட்ட ஆர்டர் கதவு வரை போய்த் திரும்பி வரும், போகவர கூரியர் காசும் நம் தலையில். குறைந்தது 15 நாள் கழித்து, வாங்கிக்கொண்டவற்றை மட்டும் எண்ணி, அந்த எண்ணால் மொத்தச் செலவை வகுங்கள். அனுப்பிய இலவசப் பொருளின் விலையும் திரும்பி வந்த பார்சல்களின் கூரியரும் அந்தச் செலவில் சேர வேண்டும்.