ஜெயிலை தனியாருக்கு விட்டா கைதிக்கும் குடும்பத்துக்கும் என்ன கிடைக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோவை கார்த்தி:
நேத்து டீக்கடைல பெரிய வாக்குவாதம். கூட வேலை பாக்குற ஒருத்தர், ஆஸ்பத்திரி ஸ்கூல் மாதிரி ஜெயிலையும் பிரைவேட்டுக்கு கொடுத்துட்டா சுத்தமா இருக்கும், கவர்மெண்டுக்கும் செலவு மிச்சம், அமெரிக்காவுல எல்லா ஜெயிலும் அப்படித்தான்னு அடிச்சு பேசுறாரு. எனக்கு மனசு ஒப்பல, ஆனா பதில் சொல்லவும் தெரியல. எங்க சித்தப்பா ஒரு கேஸ்ல ரிமாண்ட்ல இருந்தப்ப சித்தி கூட மனு பாக்க போயிருக்கேன், காலைல இருந்து வரிசைல நின்னு உள்ள போனா கம்பி வலைக்கு ரெண்டு பக்கமும் எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாங்க, சித்தி சொன்னது அவருக்கு கேக்கவே இல்ல, கடைசில சைகைலயே பேசிட்டு அழுதுட்டு வந்துச்சு. இத விட தனியார் நல்லா பண்ணுவானோன்னு ஒரு ஓரத்துல எனக்கும் தோணுது. வெளிநாட்டுல இருக்குறவங்க சொல்லுங்க.

நாஷ்வில் நாடோடி:
ப்ரோ, நான் இருக்குறது அமெரிக்காவுல, இந்த தனியார் ஜெயில் பிசினஸ் பொறந்த நாஷ்வில்லயே. 1983ல கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கான்னு இங்கதான் ஆரம்பிச்சாங்க, 2016ல பேர கோர்சிவிக்னு மாத்திட்டாங்க. முதல்ல உங்க ஃப்ரெண்ட் சொன்னது தப்பு, எல்லா ஜெயிலும் கிடையாது, தண்டனை கைதிங்கள்ல நூத்துக்கு எட்டு பேர் வாக்குலதான் தனியார் கைல. ஆனா இமிகிரேஷன் கேஸ்ல பிடிச்சு வைக்கிற இடம் பெரும்பாலும் தனியார்தான்.

காசு எப்படின்னா தலைக்கு, நாளுக்கு இவ்வளவுன்னு, லாட்ஜ் கணக்கு மாதிரி. இதுல கல்யாண மண்டப கணக்கு ஒண்ணும் சேரும், 500 இலைக்கு சொல்லிட்டு 300 பேர் வந்தாலும் 500 இலைக்கு துட்டு வைக்கணும்ல, அதே மாதிரி நிறைய அக்ரிமெண்ட்ல 80, 90 சதவீதம் பெட் நிரம்பலன்னா காலி பெட்டுக்கும் அரசு பணம் கட்டணும். அரிசோனாவுல மூணு ஜெயிலுக்கு 100 சதவீதமே எழுதி கொடுத்திருந்தாங்க. குற்றம் குறைஞ்சா நமக்கு சந்தோஷம், அவனுக்கு அது டல் சீசன். அப்புறம் மிச்சம் எங்கருந்து புடிப்பான்? வார்டர் சம்பளத்துலயும் ஆள் எண்ணிக்கையிலயும்தான். எங்க டென்னசி ஸ்டேட்ல ட்ரௌஸ்டேல் டர்னர்னு 2016ல திறந்த ஜெயில், ஆள் பத்தலன்னு ஸ்டேட் ஆடிட்லயே வந்துச்சு, 2024 ஆகஸ்ட்ல மத்திய அரசோட நீதித்துறையே விசாரணை ஆரம்பிச்சாங்க.

மாத்தி யோசி:
ஏங்க, கவர்மெண்ட் ஜெயில் மட்டும் சொர்க்கமா? நம்ம நாட்டுல 2022 கணக்குப்படி உள்ள இருக்குறவங்கள்ல முக்கால்வாசிக்கு தீர்ப்பே வரல, நிறைய பேருக்கு ஜாமீன் கட்ட காசு இல்ல, ஆள் இல்ல. அதுக்கு எந்த கம்பெனி காரணம்? அக்ரிமெண்ட ஒழுங்கா போட்டா தனியாரும் வேலை செய்வான். மெல்போர்ன் பக்கம் ரேவன்ஹால்னு ஒரு ஜெயில், வெளிய போனவன் திரும்ப உள்ள வராம இருந்தா கம்பெனிக்கு போனஸ்னு எழுதியிருக்காங்க. எதுக்கு காசு கொடுக்குறோம்ங்கறதுதான் மேட்டர்.

நாஷ்வில் நாடோடி:
போனஸ் விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனா துட்டு எந்த பக்கமும் பாயும். பென்சில்வேனியாவுல லூசர்ன் கவுண்டில தனியார் சிறார் காப்பகம், அத கட்டினவர்கிட்டயும் பங்குதாரர்கிட்டயும் ரெண்டு ஜட்ஜுங்க கிட்டத்தட்ட 28 லட்சம் டாலர் வாங்கிட்டாங்க, சின்ன சின்ன சேட்டைக்கெல்லாம் புள்ளைங்கள உள்ள தள்ளுனாங்க. ஒரு ஜட்ஜுக்கு 2011ல 28 வருஷம் தண்டனை. ஆயிரக்கணக்கான பசங்களோட தீர்ப்ப பின்னாடி ரத்து பண்ணாங்க. போன படிப்பு திரும்ப வருமா?

பேர்மிங்காம் பெடியன்:
வணக்கம் அண்ணைமார். இங்கிலாந்தில எங்கட பேர்மிங்காம் சிறை 2011 வரைக்கும் அரசாங்கத்தின்ரதான், பிறகு ஜி4எஸ் எண்ட கம்பனிட்ட 15 வருச ஒப்பந்தத்தில குடுத்தவை. 2016 டிசம்பரில உள்ளுக்க பெரிய கலவரம், 12 மணித்தியாலத்துக்கு மேல. 2018ல சிறையளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர்மார் வந்து பாத்துக்கொண்டு நிக்கேக்கயே ஊழியர்ட கார் பார்க்கில காருகளை கொளுத்தினவங்கள், யோசிச்சுப் பாருங்கோ. அந்த ஆகஸ்டிலயே அரசாங்கம் திரும்ப எடுத்திட்டுது. பகிடி என்னெண்டால் 2022ல ஃபைவ் வெல்ஸ் எண்டு புதுச் சிறை ஒண்டு திறந்தவை, நடத்துறது அதே ஜி4எஸ்.

ஃபீனிக்ஸ் பார்வதி:
எல்லாரும் கம்பெனி, கவர்மெண்ட்னே பேசுறீங்க, கார்த்தி கேட்டது குடும்பத்தையும் சேர்த்துதானே. இங்க அரிசோனாவுல ஃபீனிக்ஸ்ல இருந்து கார்ல ஒரு மணி நேரம் போனா எலாய்னு ஒரு ஊர், பருத்திக்காடும் பொட்டலும்தான், அங்க சுவாரோன்னு கோர்சிவிக் ஜெயில் இருக்கு. உள்ள யாருன்னா ஹவாய் தீவு ஆளுங்க! அவங்க ஊர்ல இடம் பத்தலன்னு நூத்துக்கணக்கான பேர கடல் தாண்டி அனுப்பி வச்சிருக்காங்க. பெத்தவங்க பாக்கணும்னா ஃப்ளைட், ஹோட்டல், வாடகை கார். என் கூட வேலை பாக்குற ஒரு அக்கா தம்பிய பாக்குறதுக்காகவே ஹவாய்ல இருந்த வேலைய விட்டுட்டு இங்க குடி வந்தவங்க.

லன்ச் டைம்ல அவங்க போன் அடிச்சா நாங்க எல்லாரும் பேச்ச நிறுத்திருவோம், ஏன்னா நிமிஷத்துக்கு காசு. அந்த போன் கம்பெனி வேற, அக்கவுண்ட்ல பணம் போட சர்வீஸ் சார்ஜ் வேற, உள்ள நூடுல்ஸ் பாக்கெட் விக்கிற கடை வேற. இது கவர்மெண்ட் ஜெயில்லயும் நடக்குற கூத்துதான், ஜெயில முழுசா விக்கவே வேணாம், போன், கேன்டீன், வைத்தியம்னு துண்டு துண்டா வித்தாலே கடைசில பில்லு வீட்டு பொம்பளைங்க தலைல வந்து விழும். கனெக்டிகட் ஸ்டேட்ல 2022ல இருந்து ஜெயில் போன் ஃப்ரீ, மனசு வச்சா முடியுது பாருங்க.

கோவை கார்த்தி:
மண்டப கணக்க நாளைக்கே டீக்கடைல எடுத்து விடுறேன், ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். மாத்தி யோசி சார், நீங்க சொன்ன ஜாமீன் விஷயம் எங்க சித்தப்பா கதையேதான். பார்வதி அக்கா, அவங்க தம்பி வெளிய வந்துட்டாரா?

ஃபீனிக்ஸ் பார்வதி:
இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு தம்பி. ஆனா அந்த அக்கா வாடகை வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு மேல லீஸ் போடவே மாட்டேங்கறாங்க. தம்பிய வேற ஜெயிலுக்கு மாத்திட்டா பின்னாடியே போகணுமாம்.