வீட்டில் ஆள் இருக்கும்போதே மூன்று தடவை "கதவு பூட்டியிருக்கிறது" – இதற்கு என்ன செய்வது?

ஷிப்ட்பஸ் எழுதியது:

கோபத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எங்கள் வீடு கிருஷ்ணகிரிக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே, தார் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, மாந்தோப்புக்குள் இருக்கிற கொட்டாய். கொட்டாய் என்றால் ஊரை விட்டுத் தள்ளி நிலத்துக்குள்ளேயே இருக்கிற ஓரிரு வீடு, நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவு எண் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. தாத்தா பெயரைச் சொன்னால்தான் வழி காட்டுவார்கள். அதே பெயரில் ஏரிக்கு அந்தப் பக்கம் இன்னொரு கொட்டாய் வேறு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கே போய்விட்டுத்தான் எங்களிடம் வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் காது மெஷின் தீபாவளிக்கு அப்புறம் கரகரவென்று இரைய ஆரம்பித்து, பொங்கலோடு நின்றே போனது. 28,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. பெங்களூரில் வாங்கிய சென்டரிலேயே ரிப்பேருக்குக் கொடுத்தோம். சரிசெய்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டதாகப் போன வாரம் திங்கள்கிழமை சொன்னார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர். பஸ் ஏறினால் டீ குடிக்க நிறுத்தும் நேரத்தையும் சேர்த்து ஒரே நாளில் போய் வாங்கி வந்திருப்பேன். சரி, லீவு எதற்கு வீணாக்க வேண்டும் என்று நினைத்தேன்.

டிராக்கிங்கில் பார்த்தால் பார்சல் செவ்வாய்க்கிழமை சேலம் பக்கம் போய், புதன்கிழமை திரும்பி, வியாழன் எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்துக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை: "கதவு பூட்டியிருக்கிறது." சனிக்கிழமை: அதே. நேற்று திங்கள்: அதே, அதுவும் இரவு 7.42க்கு. எந்தத் தபால்காரர் இரவு ஏழே முக்காலுக்கு மாந்தோப்புக்குள் வருவார்?

எங்கள் வீட்டுக் கதவு பகலில் பூட்டியே நான் பார்த்ததில்லை. அம்மா நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். மாம்பூ பூத்திருக்கிற நேரம், தோப்பை விட்டு அசைய மாட்டார். மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருக்கிறாள். நான் ஓசூரில் கம்பெனி வேலை, காலை ஷிப்ட். நாலு இருபதுக்கு ரோட்டுக்கு வந்தால்தான் கம்பெனி பஸ் பிடிக்க முடியும். திரும்பி வர மாலை நாலு மணி ஆகிவிடும். கிளை அஞ்சலகம் மதியத்தோடு மூடிவிடும். ஞாயிறு எனக்கும் லீவு, அவர்களுக்கும் லீவு.

ஏழு நாள் ஆனால் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்களாமே, உண்மையா? வீட்டுக்கே வராமல் இப்படிப் போடுகிறவர் மேல் எங்கே புகார் கொடுப்பது?

பென்னாகரம் டெய்லரக்கா எழுதியது:

தம்பி, என் கதையைக் கேட்டால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கு "கதவு பூட்டு" பிரச்சினையே கிடையாது, எனக்கு "டெலிவரி ஆகிவிட்டது" பிரச்சினை. ஆரி ஒர்க் சாமான் சூரத்திலிருந்து வரவழைப்பேன். கொடுத்தாயிற்று என்று மெசேஜ் வரும், கையில் இருக்காது. ரேஷன் கடையில் கேட்டால் இல்லை, டீக்கடையில் கேட்டால் இல்லை. மூன்றாம் நாள் கோழிக்கடைக்காரர் கூப்பிட்டு, "அக்கா, உங்க பொட்டலம் இங்க ஒண்ணு கெடக்கு" என்பார். ஒரு முகூர்த்த ரவிக்கைக்கு வந்த கல் பாக்கெட்டைக் கோழி ரெக்கையோடு எடுத்து வந்தேன்.

அதற்கப்புறம் ஒன்று செய்தேன். அனுப்புகிறவர்களிடம் முகவரிக்கு மேலேயே போன் நம்பரைப் பெரிதாக எழுதச் சொல்லிவிட்டேன். தபால்காரரிடமும் நேராகப் போய், "வீட்டுக்கு வர வேண்டாம், ஆபீஸிலேயே வையுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொன்னேன். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் உங்களைப் போல ஷிப்ட் போகிறவர்களுக்கு அது ஒத்து வராதுதான்.

அரூர் கறுப்புக்கோட்டு எழுதியது:

கோர்ட்டுக்குப் போகலாம் என்று யாராவது கிளப்பிவிடுவதற்கு முன் ஒரு வார்த்தை. 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தபால் தொலைந்தாலும் தாமதமானாலும் துறைக்குப் பொறுப்பில்லை என்றது. ஊழியர் வேண்டுமென்றோ மோசடியாகவோ செய்திருந்தால் மட்டும் அவர் மேல் போகலாம். அந்தச் சட்டம் போய் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் 10ஆம் பிரிவு ஏறக்குறைய அதே பாட்டைத்தான் பாடுகிறது. "வேண்டுமென்றே செய்தார்" என்பதை நிரூபிப்பது உங்கள் தலையில்.

அதனால் முதலில் புகார். 1800 266 6868 கட்டணமில்லா எண். துறையின் இணையதளத்திலும் பதியலாம், அங்கே பார்சல் எண்ணைக் கட்டாயம் கேட்பார்கள். அசையவில்லை என்றால் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அதற்கும் மேலே சிபிகிராம்ஸ் என்ற மத்திய அரசின் புகார் இணையதளம். எழுத்தில் இருந்தால்தான் பதில் வரும், வாயால் சண்டை போட்டால் டீ தான் வரும்.

ஷிப்ட்பஸ் எழுதியது:

நன்றி சார். இன்று சாப்பாட்டு இடைவேளையில் அந்த எண்ணில் பேசிப் புகார் எண் வாங்கிவிட்டேன். "கதவு பூட்டியிருந்ததாகத்தான் சார் காட்டுகிறது" என்று என்னிடமே திருப்பிச் சொன்னார்கள். அது எனக்கே காட்டுகிறது, அதனால்தானே போன் பண்ணினேன்!

பழைய பை எழுதியது:

தம்பி, நான் கிளை அஞ்சலகத்தில் தபால் சுமந்தவன். போன வருடம் 65 வயது முடிந்து பையை இறக்கி வைத்தேன். உங்கள் பக்கம் இல்லை, தருமபுரி ஜில்லா. கோபப்படாமல் படியுங்கள்.

கிளை அஞ்சலகத்து ஆள் முழுநேர அரசு ஊழியர் இல்லை, கிராம அஞ்சல் சேவகர். ஒரு நாளைக்கு 4 மணி அல்லது 5 மணி நேர வேலை என்றுதான் கணக்கு. துணை அஞ்சலகத்திலிருந்து பை வரும். அதைப் பிரித்து, பட்டியல் பார்த்து, சொந்த வண்டியில் ஏழெட்டு கொட்டாய் சுற்ற வேண்டும். நூறு நாள் வேலைச் சம்பளம், முதியோர் பென்ஷன் என்று பணம் கொடுக்கிற நாளில் பார்சல் பின்னால்தான் போகும்.

இரவு 7.42 என்பது அவர் உங்கள் வீட்டுக்கு வந்த நேரம் இல்லை, போனில் பதிந்த நேரம். கொட்டாய்ப் பக்கம் டவர் கிடைக்காது. நானும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மொட்டை மாடியில் நின்று ஒட்டுமொத்தமாகப் போட்டிருக்கிறேன்.

போகாமலே போடுகிறவர்கள் இல்லையா என்றால், உண்டு. நானே ஐப்பசி மழையில் ஓடை தாண்ட முடியாமல் இரண்டு மூன்று தடவை "கதவு பூட்டு" போட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் உறை மேலேயே பேனாவால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். கை கொஞ்சம் கூசும். இப்போது ஒரு தட்டு தட்டினால் போதும், கூசுவதற்கு நேரமில்லை. ஆனால் இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் இருக்கிற காரணங்கள் கொஞ்சம்தான். பூட்டு, ஆள் இல்லை, முகவரி போதாது, வாங்க மறுத்தார், இந்த மாதிரி. நடந்தது அதில் இல்லை என்றால் பக்கத்தில் இருப்பதைத்தான் தட்ட வேண்டும்.

இப்போது நீங்கள் எனக்கு மூன்று பதில் சொல்லுங்கள். உங்கள் வாசலில் கதவா, படலா? நாய் இருக்கிறதா? வெள்ளி, சனி, திங்கள் பகலில் உங்கள் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்ததா?

நாலாவதாக ஒன்று கேட்க வேண்டும், கேட்கத் தயக்கமாக இருக்கிறது. காது மெஷின் இல்லாத அம்மாவை வாசலில் நின்று ஒருவர் கூப்பிட்டால், அவருக்குக் கேட்குமா?

அரூர் கறுப்புக்கோட்டு எழுதியது:

ஐயா, நீங்கள் வக்கீலுக்குப் போயிருக்க வேண்டும்.

ஷிப்ட்பஸ் எழுதியது:

படித்துவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முள்படல். மாடு வந்து மாந்தளிரைக் கடிக்காமல் இருக்க அம்மா கயிறு போட்டுக் கட்டி வைப்பார். நாய் இருக்கிறது, இரண்டு. படலிலிருந்து வீடு எண்பது அடி. அம்மா பகலில் இருப்பது பின்பக்கம், தொட்டி ஓரம். பக்கத்துத் தோப்பில் பூவுக்கு மருந்து அடிக்கிற மோட்டார் காலையிலிருந்து ஓடுகிறது.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள், லாக்கரில் வைத்துவிட வேண்டும். இப்போது எடுத்துப் பார்த்தேன். வெள்ளி 11.20க்கு ஒரே எண்ணிலிருந்து இரண்டு தடவை, சனி 11.45க்கு ஒரு தடவை. லோன் வேண்டுமா என்று கேட்கிற கூட்டம் என்று நினைத்துத் திருப்பிக் கூப்பிடவில்லை. திங்கள் அழைப்பு இல்லை. அன்றைக்கு வந்தாரா வராமல் போட்டாரா தெரியாது. வராமல் போட்டிருந்தாலும் இப்போது எனக்குப் பேச வாயில்லை.

பென்னாகரம் டெய்லரக்கா எழுதியது:

அதற்காக ஒரு சீட்டு எழுதிப் படலில் செருகிவிட்டுப் போனால் கை தேய்ந்துவிடுமா? ஐயா, உங்கள் ஆட்களை ரொம்பத் தாங்குகிறீர்கள்.

பழைய பை எழுதியது:

அது நியாயமான கேள்வி அம்மா. சீட்டு விட்டிருக்கத்தான் வேண்டும்.

தம்பி, ஏழு நாள் கணக்கு உண்மைதான், பொதுவாக அவ்வளவுதான் வைத்திருப்போம். வெள்ளி, சனி அழைப்பு வந்ததே, நாளையே அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு "வைத்திருங்கள், நானே வருகிறேன்" என்று சொல்லுங்கள். பார்சல் அம்மா பெயரில் இருந்தால், உங்களிடம் கொடுக்கச் சொல்லி அவர் கைநாட்டோ கையெழுத்தோ வைத்த ஒரு தாளும் உங்கள் ஆதாரும் எடுத்துப் போங்கள்.

சேலம் பக்கம் போனது எதனால் என்று பொட்டலத்தைப் பார்த்தால் தெரியும். பின்கோடு 1972 ஆகஸ்டு 15இல் வந்தது. முதல் மூன்று எண்தான் பை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லும், கடைசி மூன்று விநியோக அலுவலகம். உங்களுக்கு 635, எங்களுக்கும் சேலத்துக்கும் 636. அஞ்சை ஆறாக்கினால் பார்சல் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வரும்.

ஓசூர் டெக்கி எழுதியது:

இதுக்கெல்லாம் டிஜிபின் வந்தாச்சு ப்ரோ! 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டத்துக்குப் பத்து எழுத்தில் ஒரு அட்ரஸ் குறியீடு. கொட்டாய்க்கும் கிடைக்கும். அப்புறம் ஸ்பீடு போஸ்ட்டில் அஞ்சு ரூபாயும் ஜிஎஸ்டியும் கூடக் கட்டினால் ஓடிபி சொன்னால்தான் டெலிவரி. 2025 செப்டம்பர் 1இல் ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்தார்களே, அதையொட்டி வந்த வசதி.

ஷிப்ட்பஸ் எழுதியது:

டெக்கி தம்பி, ஓடிபி என் போனுக்கு வரும், போன் லாக்கரில் இருக்கும். டிஜிபின் அம்மாவின் இருப்பிடத்தை நாலு மீட்டருக்குள் காட்டும், கூப்பிட்டால் கேட்காது.

இன்று புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுப் போய் வாங்கிவிட்டேன். கிளை அஞ்சலகம் என்பது ஒருவர் வீட்டுத் திண்ணையை ஒட்டிய ஒரே அறை. அந்தத் தபால்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து எழுந்தே நின்றுவிட்டார். புகார் விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. "அண்ணா, வெள்ளிக்கிழமை படல்கிட்ட நின்னு தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா தண்ணி மொண்டுக்கிட்டு இருந்தாங்க, முதுகு மட்டும் தெரிஞ்சுது. நாய் விடலண்ணா" என்றார். திங்கள்கிழமை பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று யாராவது சொல்லுங்கள்.

பொட்டலத்தின் மேல் கையால் எழுதிய முகவரி. கொட்டாய்ப் பெயரே இல்லை, ஊர் பெயர் மட்டும். கடைசி வரியில் "தருமபுரி மாவட்டம்", 635 இருக்க வேண்டிய இடத்தில் 636. சென்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "உங்க அம்மா சொன்னதைத்தான் சார் எழுதினோம்" என்றார்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி 2004 பிப்ரவரியோடு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவுக்கு இன்னும் தருமபுரிதான், கலெக்டர் ஆபீஸ் என்றால் தருமபுரிதான். ஜில்லா பெயரைப் பார்த்து யாரோ பின்கோடையும் சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

படலில் ஒரு பழைய சைக்கிள் மணியைக் கட்டப் போனேன், அப்புறம்தான் உறைத்தது. தபால்காரர் படலில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போக வேண்டும், அம்மா சாயங்காலம் பார்த்து என்னிடம் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் மெஷின் பளபளவென்று இருக்கிறது. காதில் மாட்டினால் சத்தமே இல்லை. உள்ளே பேட்டரி இல்லை. மறுபடி சென்டருக்குக் கூப்பிட்டேன். "13ஆம் நம்பர் பேட்டரி சார், ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டினது. அது நேற்றே தனிப் பார்சலில் போட்டாச்சு" என்றார்கள். எந்த முகவரிக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது.