குட்டிக்கு எந்த ராடு?

8:14 குட்டி: மாமா இருக்கீங்களா? மீன் பிடிக்கிற ராடு (தூண்டில் கம்பு) ரெண்டு பாத்து வச்சிருக்கேன், படம் அனுப்புறேன். பீகாக் பாஸ் மீனுக்குத்தான். சின்ன லூர், அதான் செயற்கை இரை, போட்டு அடிக்கணும். ஆனா நாளைக்கு வேற எதுவும் போட்டாலும் தாங்குற மாதிரி ஒரே ராடா இருக்கணும்.

8:14 குட்டி: (படம்) (படம்)

8:16 சித்தப்பா: கனமானதையே எடுடா. தோமான் (பெரிய விரால் வகை) கடிச்சா என்ன பண்ணுவே?

8:17 அம்மா: முதல்ல விலையைச் சொல்லு.

8:17 குட்டி: ஒண்ணு 89 சிங்கப்பூர் வெள்ளி, இன்னொண்ணு 115. என் பார்ட் டைம் சம்பளம்தாம்மா.

8:18 அம்மா: சம்பளம் உன்னோடது. ஸ்டோர் ரூம் என்னோடது.

8:31 மாமா: இப்பத்தான் வேலை முடிஞ்சு எம்ஆர்டி ரயில்ல ஏறுனேன். படம் பாத்தேன். உன் பெட்டியில என்னென்ன லூர் இருக்கு? எடையோட சொல்லு.

8:33 குட்டி: 5 கிராம் மின்னோ (குட்டி மீன் மாதிரி லூர்), 7 கிராம் பாப்பர் (தண்ணி மேல மிதக்கிறது), 3.5 கிராம் ஜிக்ஹெட் (ஈயத் தலை வச்ச கொக்கி), அதுல மாட்ட 3 இஞ்ச் ரப்பர் மீன். அப்புறம் 14 கிராம் ஸ்பூன் (கரண்டி மாதிரி உலோக லூர்) ஒண்ணு, அண்ணன் குடுத்தது.

8:33 அண்ணன்: குடுக்கல. நீயா எடுத்துக்கிட்டே.

8:36 மாமா: சரி. 115 வெள்ளி ராடுல கைப்பிடிக்கு மேல எழுதியிருக்கிறதைப் படிச்சியா? மீடியம் (அது ராடோட விறைப்பு), 7 அடி, லூர் 1/4 முதல் 5/8 அவுன்ஸ். 1/4 அவுன்ஸ்னா 7 கிராம். 5/8 கிட்டத்தட்ட 18. உன் மின்னோவும் ஜிக்ஹெட்டும் அந்தக் கணக்குக்கே கீழ நிக்குது. நல்ல ராடுதான், உன் பெட்டிக்கு இல்ல.

8:37 மாமா: மத்தது மீடியம் லைட், 6 அடி 8 இஞ்ச், 3.5 முதல் 10 கிராம். அதை எடு.

8:38 குட்டி: 5 கிராமை அந்த மீடியம்ல வீசவே முடியாதா?

8:41 மாமா: வீசலாம், உன் காலடியில விழும். லூரோட எடையில ராடு பின்னால வளையணும். அது நிமிர்ற வேகத்துலதான் லூர் போகுது. உண்டிவில்லுல ரப்பரை இழுக்காம கல்லை விட்டா எங்க போகும்? விறைப்பான ராடுல 5 கிராம் போட்டா ராடு வளையவே வளையாது, முழுக்க கை பலத்துல தள்ளணும். அரை மணி நேரத்துல தோள் போயிடும். மீன் வந்து லூரைத் தட்டுறதும் கைக்குத் தெரியாது.

8:42 மாமா: இன்னொண்ணு. ஜிக்ஹெட் 3.5னு போட்டிருந்தா அது ஈயத்தோட எடை மட்டும்தான். 3 இஞ்ச் ரப்பர் மீனை மாட்டுனா 6 கிராம் பக்கம் வந்துடும். அதையும் சேத்துத்தான் ராடு தூக்குது. அந்த 6, 3.5க்கும் 10க்கும் நடுவுல உக்காருது பாரு. ராடு நல்லா வேலை செய்யிறது அந்த நடுவுலதான். ரெண்டு ஓரத்துலயும் பேருக்குத்தான்.

8:43 சித்தப்பா: மச்சான், தோமானுக்குப் பதில் சொல்லவே இல்லையே.

8:45 மாமா: தோமானுக்குப் பல்லு இருக்கு மாப்ளே. லைனோட முனையில கட்டுற 12 பவுண்டு லீடரை அறுத்துட்டுப் போயிடும், மேல என்ன ராடு பிடிச்சிருந்தாலும் சரி. அதுக்கு கனமான ராடு, கனமான லைன், கனமான லீடர்னு தனி செட்டே வேணும். வரலாம் வராமலும் போகலாம்ங்கிற ஒரு மீனுக்காக, நாள் முழுக்க வீசுற லூரை ஏன் கெடுத்துக்கணும்?

8:45 சித்தப்பா: வந்தா போச்சுல்ல.

8:46 மாமா: போகட்டும்.

8:47 அத்தை: குட்டி, ஃப்ரீசர்ல இறால் இருக்கு, இரைக்கு வேணும்னா எடுத்துட்டுப் போ.

8:48 மாமா: வேணாம். ரிசர்வாயர்ல செயற்கை இரை மட்டும்தான், இறால், புழு எதுவும் கூடாது. அதுவும் மீன் பிடிக்கலாம்னு ஒதுக்கின இடத்துல மட்டும். பிடோக்லயும் லோவர் சிலேத்தார்லயும் பலகை வச்சிருப்பாங்க. அதைத் தாண்டி நின்னா அபராதம்.

8:48 அத்தை: அப்ப அந்த இறாலை நான் சம்பல் வச்சிடுறேன்.

8:50 குட்டி: மாமா, அப்படின்னா இன்னும் லைட்டா, அல்ட்ரா லைட் எடுத்தா? 3.5 கிராம் இன்னும் தூரம் போகுமே.

8:54 மாமா: போகும். மீன் மாட்டுன பிறகுதான் தலைவலி. அமெரிக்காவுல இந்த ராடெல்லாம் லார்ஜ்மவுத் பாஸை மனசுல வச்சுச் செய்யிறாங்க. நம்ம பீகாக் பாஸ் அந்தக் குடும்பமே இல்ல, தென் அமெரிக்காவுல இருந்து வந்த சிக்லிட் இனம், திலாப்பியாவுக்குச் சொந்தக்காரன். அதே சைஸ் லார்ஜ்மவுத்தை விட இழுப்பு ஜாஸ்தி. கடிச்ச அடுத்த நொடி படகுத்துறைத் தூணைப் பாத்து ஓடும். அல்ட்ரா லைட்ல ராடு முழுசா வளைஞ்சு நிக்கும், மீன் தூணைச் சுத்திடும், லைன் உரசி அறுந்துடும். அதைத் திருப்புற பலம் ராடோட நடுப்பகுதியில இருக்கணும். மீடியம் லைட்ல அது இருக்கு.

8:55 குட்டி: ஃபாஸ்ட், எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்னு போட்டிருக்கே, அது வேகமா?

8:59 மாமா: ராடு எங்க வளையுதுங்கிறது. எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்னா நுனி மட்டும் வளையும். ஒத்தைக் கொக்கி ஜிக்ஹெட்டுக்கு அது சுகம், தட்டுனதும் கையில தெரியும், உடனே குத்தலாம். ஆனா உன் மின்னோவுல இருக்கிறது மெல்லிசு கம்பி மூணுமுனைக் கொக்கி. பீகாக் துள்ளித் தலையை உதறும்போது ராடு விட்டுக் குடுக்கலைன்னா கொக்கி நிமிர்ந்துடும், இல்லன்னா வாயைக் கிழிச்சிட்டு வந்துடும். நீ ரெண்டையும் போடப் போறே. ரெகுலர் ஃபாஸ்ட்னு ஒண்ணு இருக்கும், நுனிக்குக் கீழயும் கொஞ்சம் வளையும், அதைப் பாரு. வெறும் ஃபாஸ்ட்னு இருந்தாலும் பரவாயில்ல.

9:00 குட்டி: 89 வெள்ளி ராடுல ரெகுலர் ஃபாஸ்ட்னுதான் போட்டிருக்கு!

9:01 மாமா: அப்புறம் என்ன. அந்த 14 கிராம் ஸ்பூனை மட்டும் இதுல முழு வேகத்துல அடிக்காதே. 10 வரைக்கும்தான்னு எழுதியிருக்கான். அண்ணன்கிட்டயே திருப்பிக் குடுத்துடு.

9:01 அண்ணன்: நன்றி மாமா 🙏

9:03 குட்டி: பெய்ட்காஸ்ட் ரீல் வாங்கலாமா மாமா? பாக்க கெத்தா இருக்கு.

9:06 மாமா: கெத்தா இருக்கும், உக்காந்து சிக்கெடுத்துக்கிட்டே இருப்பே. லேசான லூர் சாதாரண பெய்ட்காஸ்டோட ஸ்பூலை (லைன் சுத்தியிருக்கிற உருளை) சீராச் சுத்த வைக்காது. லூர் நிக்கும், ஸ்பூல் சுத்தும், லைன் குருவிக்கூடு. ஜப்பான்காரன் இதுக்குன்னே பிஎஃப்எஸ்னு லேசான ஸ்பூல் போட்டு ரீல் செஞ்சிருக்கான், அருமையான சாமான், விலையும் அப்படி. உனக்கு ஸ்பூல் சுத்தாத ஸ்பின்னிங் ரீல் போதும். உங்க அப்பாவோட 2500 சைஸ் ரீல் சும்மாதானே கிடக்கு? பழைய லைனை உருவிட்டு பிஇ (பின்னல் லைன்) 0.8 இல்ல 1 சைஸ் சுத்து. முன்னால 12 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர்.

9:07 அம்மா: எத்தனை துண்டு அது? ஒரே கம்பா இருந்தா வீட்டுக்குள்ள வராது. போன தடவை அவங்க அப்பா ஹாலுக்குள்ள நின்னு நீட்டி சீலிங் ஃபேன்ல விட்டு நுனியை முறிச்சாரு, மறந்துடாதீங்க.

9:09 மாமா: ரெண்டு துண்டுதான்க்கா. மடக்குனா ஒரு மீட்டர் சொச்சம், உறையில போட்டா எம்ஆர்டில யாரையும் குத்தாது. ரெண்டு துண்டுன்னா உணர்வு கம்மின்னு சொல்லுவாங்க. நல்ல ஜாயிண்டா இருந்தா வித்தியாசம் எனக்குத் தெரியல. ரீல் மாட்டாம வீட்டுக்குள்ள நீட்டாதே குட்டி, மாட்டுனாலும் நீட்டாதே.

9:12 அண்ணன்: ராடு கார்பன்டா. இடி மழைன்னா கீழ வச்சிட்டு ஓடு. கார்பன்ல மின்சாரம் பாயும். ராணுவ கேம்ப்ல மின்னல் எச்சரிக்கை வந்தா எங்களையே திறந்த வெளியில விடமாட்டாங்க.

9:13 மாமா: ரொம்ப முக்கியம். இந்த ஊர்ல வருஷத்துல பாதி நாளு பக்கம் இடி இடிக்குது, ஏப்ரல், மே, நவம்பர்ல இன்னும் அதிகம். தூரத்துல உறுமுனாலே ராடைப் படுக்க வச்சிட்டு கட்டடத்துக்குள்ள போயிடணும். மரத்தடி கூடாது.

9:14 அம்மா: இதை முதல்லயே சொல்லியிருக்கணும். போறப்ப யாராவது கூடப் போகணும்.

9:14 சித்தப்பா: நான் போறேன் அண்ணி. தோமான் ராடோட.

9:16 குட்டி: அப்ப ஆன்லைன்ல 89 ஆர்டர் போட்டுடவா?

9:20 மாமா: போடாதே, கடையில கையில பிடிச்சுப் பாத்து வாங்கு. அப்பா ரீலை எடுத்துட்டு வா, மாட்டிப் பாக்கலாம். ரீலுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு விரல்ல தாங்குனா ராடு சமமா நிக்கணும். நுனி கீழ சாஞ்சா மணிக்கட்டு வலிக்கும். ரெண்டு துண்டையும் சேத்து, துப்பாக்கியில குறி பாக்குற மாதிரி ஒரு கண்ணால பாரு, லைன் போற வளையமெல்லாம் ஒரே கோட்டுல இருக்கான்னு. கொஞ்சம் பஞ்சு கொண்டு வரேன், ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் விட்டு இழுத்தா உள்ள கீறல் இருந்தா பஞ்சு மாட்டிக்கும். அந்தக் கீறல்தான் பிஇ லைனை அறுக்கும். நுனியைக் கையால வளைச்சு மட்டும் பாக்காதே, கடைக்காரர் திட்டுவாரு. திட்டுறதுல நியாயமும் இருக்கு.

9:21 குட்டி: சனிக்கிழமை மத்தியானம்?

9:22 மாமா: 3 மணி. ஈசூன் எம்ஆர்டி வாசல்ல நில்லு. காசை நீயே கொண்டு வா.

9:22 அத்தை: வரும்போது ரெண்டு பேரும் சம்பல் சாப்பிட்டுட்டுப் போங்க.