மாடியில் வைஃபை நொண்டுகிறது: 7 வாங்கவா, 8 வரும்வரை பொறுக்கவா?

மாடியறை_மதுரை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு மதுரையில், கீழும் மேலுமாக இரண்டு தளம். பைபர் பெட்டியும் என் ரவுட்டரும் கீழே கூடத்தில், டிவி ஸ்டாண்டுக்குள் அடைந்து கிடக்கின்றன. நான் வேலை பார்ப்பது மாடியில் பின்பக்க அறையில். கட்டுவது 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு. கூடத்தில் சோதித்தால் 280 காட்டுகிறது, மாடியில் 22. காலை பதினொரு மணி மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் பிளந்தபடி உறைந்துவிடுகிறேன். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் டீமில் ஸ்டிக்கராகவே ஆக்கிவிட்டார்கள்.

ரவுட்டர் 2022இல் வாங்கிய வைஃபை 6. கடையில் கேட்டால், "மேடம், 7 வந்தாச்சு, 46 ஜிபி ஸ்பீடு" என்று 19,000 ரூபாய்ப் பெட்டியை எடுத்து வைக்கிறார்கள். வீட்டுக்காரர், "8 வரப்போகுதாம், பொறு" என்கிறார். அவருக்கென்ன, கூடத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பிட்டு_பைட்டு:

7 வாங்குங்க அக்கா, யோசிக்கவே வேண்டாம். எம்எல்ஓ என்று ஒன்று இருக்கிறது. ஒரே கருவி இரண்டு அலைவரிசைகளில் ஒரே இணைப்பாக ஓடும், ஒன்றில் நெரிசல் என்றால் இன்னொன்றில் போய்விடும். என் அறையில் 900 வருகிறது!

ஒயர்க்காரர்:

தம்பி, ரவுட்டரும் உங்கள் அறையில்தானே இருக்கிறது? அப்புறம் ஏன் வராது.

மேடம், நான் நெல்லையில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன், இருபது வருஷமாக ஏணியும் டிரில்லும்தான். முதலில் அந்த 46ஐ முடித்துவிடுவோம். அது 16 ஸ்ட்ரீம், அதாவது ஒரே நேரத்தில் 16 தனித்தனித் தரவு ஓட்டம் ஓடினால் வரும் காகிதக் கணக்கு. உங்கள் லேப்டாப்பில் அநேகமாக 2 ஸ்ட்ரீம்தான் இருக்கும். அதெல்லாம் போகட்டும், தெருவிலிருந்து வீட்டுக்குள் வருவதே 300தானே? கூடத்தில் 280 வருகிறது என்றால் உங்கள் 6 தன் வேலையைச் செய்துவிட்டது.

அட்டைப்பெட்டி எண்ணுக்கும் கையில் கிடைப்பதற்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு 802.11பி என்ற பழைய வைஃபை தரத்துப் பெட்டி மாட்டினேன். அட்டையில் 11 எம்பிபிஎஸ். ஃபைல் இறக்கிப் பார்த்தால் 5ஐத் தாண்டவில்லை. முதலாளி என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், கேட்டாயா, கேட்டேன் என்று ஒப்புதல் வேறு அனுப்ப வேண்டும், பாதி நேரம் அதிலேயே போய்விடும் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் இரண்டு டீ ஆறிவிட்டது.

1997இல் வைஃபையின் முதல் தரம் வந்தபோது உச்சமே 2 எம்பிபிஎஸ். 1999இல் 11, 2003இல் 54, 2009இல் வந்த 'என்' தரத்தில் 600 என்று எண் ஏறிக்கொண்டே போனது. அந்த 'என்'னுக்குத்தான் 2018இல் வைஃபை 4 என்று பெயர் மாற்றினார்கள். அதிலிருந்துதான் 5, 6 எல்லாம். அப்புறம் 6 உருப்படியான ஒரு காரியம் செய்தது. ஒரு சேனலையே, அதாவது ரவுட்டர் பேசும் அலைப்பாதையையே, கூறு போட்டு ஒரே நேரத்தில் நாலைந்து கருவிகளுக்குப் பரிமாற வழி செய்தது. கூட்டம் உள்ள இடத்துக்கு அது பெரிய விஷயம். உங்கள் சிக்கல் கூட்டம் இல்லை.

7இல் ஒரு துடிப்புக்கு 12 பிட் ஏற்றுகிறார்கள், 6இல் 10. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் முணுமுணுக்கலாம். மாடியில் இருப்பவரைக் கூப்பிடும்போது "அக்...காஆ" என்று ஒரே சொல்லை நீட்டிக் கத்துகிறோம் இல்லையா? ரவுட்டரும் அப்படித்தான். தூரம் கூடக்கூட 12, 10, 8, 6 என்று இறங்கிவிடும். ஆக, உங்கள் பின்பக்க அறைக்கு வந்து சேரும்போது 7ம் 6ம் கிட்டத்தட்ட ஒரே ஆள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் என்ன என்ன இருக்கிறது? ஒன்று விடாமல்.

மாடியறை_மதுரை:

எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைக்கிறது சார். டிவி ஸ்டாண்டு, பின்னால் ஒன்பது அங்குலச் சுவர். சுவரை ஒட்டி மாமியாரின் ஸ்டீல் பீரோ, ஆளுயரக் கண்ணாடி பதித்தது. மேலே கான்கிரீட் தளம். மாடிப்படி முன்பக்கம்.

அலைவரிசை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 7 வாங்குகிற யாராக இருந்தாலும் பெட்டியில் 'டூயல் பேண்ட்' என்று இருக்கிறதா பாருங்கள், அப்படியென்றால் பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இரண்டு மட்டும்தான். 7 என்ற பெயருக்கு 6 கிகாஹெர்ட்ஸ் கட்டாயம் இல்லை. அது இல்லாத பெட்டியில் 7இன் பேர்போன 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் கிடைக்காது. அந்த 6 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்கா 2020இலேயே 5925 முதல் 7125 வரை 1200 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் திறந்துவிட்டது. இந்தியாவில் 2025 மே மாதம் வந்த வரைவு விதியில் இருந்தது 6425 வரை, அதாவது 500 மட்டும். அதற்குள் 320 அகலச் சேனல் ஒன்றே ஒன்றுதான் அடங்கும். நீங்கள் ஒன்று, பக்கத்து வீடு ஒன்று என்று இரண்டு 7 வந்தாலே மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஒயர்க்காரர்:

அலைவரிசை சொல்வது சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2.4 கிகாஹெர்ட்ஸை விட 5, 5ஐ விட 6 என்று அதிர்வெண் ஏற ஏறச் சுவர் அதிகம் குடிக்கும். 19,000 கொடுத்து வாங்கினாலும் அந்த 6 கிகாஹெர்ட்ஸ் உங்கள் மாமியார் பீரோவைத் தாண்டாது மேடம். இரும்புத் தகடு அலையைத் திருப்பி அடிக்கும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ரசப்பூச்சும் அப்படியே. டிவி வேறு முன்னால் தட்டி கட்டியதுபோல் நிற்கிறது.

செய்ய வேண்டியது இது. இப்போது இருக்கும் 6ஐ மாடிக்கு ஏற்றுங்கள். கீழே பைபர் பெட்டியில் உள்ள வைஃபையே கிரிக்கெட்டுக்குப் போதும். இரண்டுக்கும் நடுவே கேட் 6 என்ற நெட்வொர்க் ஒயர் ஒன்று. பழைய கேபிள் டிவி ஒயர் போன பைப் இருக்கும், அதிலேயே இழுத்துவிடலாம். கரண்ட் ஒயர் போகிற பைப்பில் மட்டும் சேர்த்து இழுக்க விடாதீர்கள். 100 மீட்டர் வரை 1 ஜிபி தாராளமாகப் போகும். மேலே உள்ள ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில், அதாவது வைஃபையை மட்டும் பரப்பும்படி, போடுங்கள், இல்லையென்றால் இரண்டும் போட்டி போட்டுக் கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுத்து வீட்டில் சண்டை வரும். பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும்.

8 பற்றி வீட்டுக்காரர் சொன்னது பொய் இல்லை. 802.11பிஎன் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள், 2028 வாக்கில் முடிப்பதாகத் திட்டம். எனக்கு அதில் பிடித்ததே உச்ச வேகத்தை ஏற்றாமல் விட்டதுதான். சிக்னல் மெலிந்த இடத்தில் 25 சதவீதம் கூடுதல் வேகம், தாமதத்திலும் வழியில் தொலைந்துபோகும் தரவுப் பாக்கெட்டிலும் 25 சதவீதம் குறைவு, இதுதான் குறி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஆக்சஸ் பாயிண்டுகள் தங்களுக்குள் பேசி முறை வைத்துக்கொள்வதும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகும்போது இணைப்பு அறுந்துவிடாமல் கைமாற்றுவதும் அதில் வருகிறது. இருபது வருஷமாக ஏணியில் ஏறி நான் பார்த்த புகார் எல்லாம் இவைதான். இப்போதுதான் எழுதுகிறவர்கள் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் அதற்கும் உங்கள் லேப்டாப், போன் எல்லாம் 8 ஆக வேண்டும். ஒயர் நாளைக்கே வரும்.

மாடியறை_மதுரை:

ஞாயிற்றுக்கிழமை ஒயர் இழுத்தாயிற்று. பைப்புக்குள் பாதி வழியில் ஒரு பல்லி செத்துக் கிடந்ததால் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. ஒயர், ஆள் கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். மேலே 5 கிகாஹெர்ட்ஸில் 270 வருகிறது. இன்று பதினொரு மணி மீட்டிங்கில் வாயை மூடியேதான் இருந்தேன், ஆனால் நானாக மூடினேன்.

ஒரே ஒரு தொல்லை. வராந்தாவில் இருக்கும் பழைய பிரிண்டர் 2.4ஐ மட்டும்தான் பிடிக்கும். அது அடிக்கடி விட்டு விட்டுப் போகிறது. வீட்டுக்காரரின் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க முடியவில்லை, அதனால் இப்போது அவருக்கும் வைஃபைமேல் அக்கறை வந்துவிட்டது.

ஒயர்க்காரர்:

இரண்டு பெட்டியும் 2.4இல் 'ஆட்டோ'வில் கிடந்து ஒரே சேனலில் முட்டிக்கொள்கின்றன போலிருக்கிறது. கீழே சேனல் 1, மேலே 11 என்று நீங்களே வைத்துவிடுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். சேனல் 6ஐப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விட்டுவிடுங்கள்.